இணையவழி பி.பி.ஏ. பட்டத்துக்கான கணிதத் தகுதியை நிறைவு செய்வது எப்படி: செட்டிநாட்டுப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மே மாதத்தில் பிளஸ் டூ முடிவுகள் வெளியான மறுநாளிலிருந்து, காரைக்குடியில் வணிகவியல் கற்பிக்கும் என்னிடம் வருகிற கேள்விகளில் பெரும்பகுதி ஒன்றே ஒன்றுதான்: "பிளஸ் டூவில் கணக்கு எடுக்கவில்லை, ஆன்லைனில் பி.பி.ஏ. சேர முடியுமா?" தேவகோட்டையில் கலைப் பிரிவு படித்த பெண்ணும், கல்லலிலிருந்து தினமும் ஜவுளிக்கடை வேலைக்கு வந்துபோகிற இளைஞரும், கானாடுகாத்தானில் வீட்டிலேயே பலகாரம் போட்டு விற்கிற நாற்பது வயதுப் பெண்மணியும் இதையே கேட்கிறார்கள். ஆனால் மூவருக்கும் ஒரே பதில் பொருந்தாது. கணிதத் தகுதி என்று நாம் பொதுவாகச் சொல்கிற சொல்லுக்குள் வெவ்வேறு நிபந்தனைகள் அடங்கியிருப்பதே அதற்குக் காரணம். உங்களுக்குப் பொருந்துவது எந்த நிபந்தனை என்று தெரிந்துகொள்ளாமல் பணம் கட்டிவிடுவதால்தான் பெரும்பாலான சிக்கல்கள் தொடங்குகின்றன.

முதல் படி: எந்த நிபந்தனை என்று பிரித்துப் பாருங்கள்

முதலாவது, சேர்க்கைத் தகுதி. விண்ணப்பிக்கும்போது பத்தாம் வகுப்பிலோ பிளஸ் டூவிலோ கணிதம் படித்திருக்க வேண்டும், அதில் குறிப்பிட்ட மதிப்பெண் பெற்றிருக்க வேண்டும் என்று கேட்பது இது. தமிழ்நாட்டில் பி.பி.ஏ. நடத்தும் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் பிளஸ் டூவில் எந்தப் பிரிவு படித்துத் தேர்ச்சி பெற்றிருந்தாலும் சேர்த்துக்கொள்கின்றன. வேறு சில நிறுவனங்கள் கணித மதிப்பெண்ணையும் பார்க்கின்றன. இரண்டாவது, சேர்ந்த பிறகு முதல் கணிதத் தாளில் அமர்வதற்கு முன் நடத்தப்படும் தரநிலைத் தேர்வு. இந்தியப் பல்கலைக்கழகங்களில் இது அரிது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் சாதாரணம். மூன்றாவது, பட்டத்துக்கு உள்ளேயே இருக்கிற கணித, புள்ளியியல் தாள்கள். இதிலிருந்து யாருக்கும் விலக்கு இல்லை. வணிக மேலாண்மை என்ற பெயரில் எங்கே பட்டம் வாங்கினாலும் புள்ளியியல் ஒரு தாளாவது இருக்கும்; அதோடு பெரும்பாலும் வணிகக் கணிதமோ செயல்முறை ஆராய்ச்சியோ (ஆபரேஷன்ஸ் ரிசர்ச்) சேர்ந்திருக்கும். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு பி.பி.ஏ. படிப்பைத் தன் எல்லைக்குள் கொண்டுவந்து 2024இல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டத்தில், முதல் பருவத்திலேயே வணிகப் புள்ளியியலும் தர்க்கமும் ஒரு தாளாக வைக்கப்பட்டிருக்கிறது.

என்னிடம் சில ஆண்டுகளுக்கு முன் வந்த ஓர் இளைஞர் இந்த வேறுபாடு தெரியாமல் இரண்டு ஆண்டுகளை இழந்தார். சேர்க்கைக்கு ஆள் பிடித்துத் தருகிற ஓர் இடைத்தரகு மையத்தில், "உங்களுக்குக் கணக்கே வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறார்கள். சேர்க்கையைப் பொறுத்தவரை அது உண்மைதான். ஆனால் முதல் பருவத்தில் புள்ளியியல் தாள் வந்தது. தயாரிப்பே இல்லாமல் எழுதி மூன்று முறை தேர்ச்சி பெறவில்லை. அவருக்குக் கணக்கு வராமல் இல்லை. கடையில் கல்லாவைத் தினமும் முடிக்கிறவர் அவர். முன்கூட்டியே யாராவது உண்மையைச் சொல்லியிருந்தால் மூன்று மாதத்தில் தயாராகியிருப்பார் என்று எனக்கு உறுதியாகத் தெரியும். அந்த வருத்தம்தான் இதை எழுத வைத்தது.

ஆகவே, சேர்க்கை அலுவலகத்திடம் கேட்கும்போது "கணக்கு வேண்டுமா?" என்று கேட்காதீர்கள். மின்னஞ்சலில், எழுத்தாகப் பதில் கிடைக்கும்படி இப்படிக் கேளுங்கள்: சேர்க்கைக்குக் கணிதப் பாடத் தேர்ச்சி தேவையா, தேவையென்றால் எந்த வகுப்பில், எவ்வளவு மதிப்பெண், பட்டம் முழுவதிலும் கணிதம், புள்ளியியல் சார்ந்த தாள்கள் எத்தனை, எந்தெந்தப் பருவத்தில், ஒரு தாளில் தவறினால் அடுத்த பருவத்துக்குச் செல்லத் தடை உண்டா, மறுதேர்வு ஆண்டுக்கு எத்தனை முறை. தொலைபேசியில் கிடைக்கும் பதில் பிற்பாடு எந்தப் பயனும் தராது. பாடத்திட்டத்தையும் முழுமையாகக் கேட்டு வாங்குங்கள். அதில் கணிதம் என்ற பெயர் இல்லாத தாள்களிலும் கணிதம் ஒளிந்திருக்கும். நிதி மேலாண்மை, அடக்கவிலைக் கணக்கியல், ஆய்வு முறையியல், வணிகப் பொருளியல் ஆகிய நான்கையும் கணிதத் தாள்களாகவே எண்ணிக்கொள்வது நல்லது.

இரண்டாம் படி: பட்டம் செல்லுபடியாகுமா என்று பாருங்கள்

இது கணிதத்துக்கு வெளியே உள்ள விஷயம்தான் என்றாலும் இதைத் தவறவிட்டால் மற்ற முயற்சியெல்லாம் வீணாகும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். இணையவழிப் பட்டங்களைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் கட்டுப்படுத்துகின்றன. அந்தக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு, எந்தப் பல்கலைக்கழகம் எந்தப் படிப்பை இணையவழியில் நடத்தலாம் என்ற பட்டியலைத் தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது. நீங்கள் சேரப்போகும் படிப்பும் சேர்க்கைப் பருவமும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும்; பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் இருப்பது போதாது. 2024 செப்டம்பர் சேர்க்கைப் பருவம் முதல் ஒவ்வொரு மாணவரும் டெப் ஐடி என்று அழைக்கப்படும், அந்தப் பிரிவின் அடையாள எண்ணைத் தாமே உருவாக்கிக்கொண்டுதான் சேர முடியும். அதற்கு முன்பாக, மாணவர் பெறும் மதிப்பீட்டுப் புள்ளிகளை (கிரெடிட்) சேமித்துவைக்கும் கல்வி மதிப்பீட்டு வங்கியின் (ஏ.பி.சி.) ஐடி எண் வேண்டும். நம் பக்கத்தில் பலரும் முதலில் விசாரிப்பது, 1985இல் காரைக்குடியில் தொடங்கப்பட்ட அழகப்பா பல்கலைக்கழகத்தின் தொலைநிலை, இணையவழிக் கல்வி மையத்தைத்தான். அருகில் இருப்பதால் நேரில் சென்று பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்க முடிகிறது என்பது பெரிய வசதி. நேரில் சென்றாலும் அந்தப் பட்டியலைப் பார்த்துவிடுவதே முறை.

மூன்றாம் படி: சேர்க்கைத் தகுதியில் கணிதம் குறைந்தால்

நீங்கள் விரும்பும் பல்கலைக்கழகம் பிளஸ் டூ நிலையில் கணிதம் கட்டாயம் என்று சொன்னால், மறுபடியும் இரண்டு ஆண்டு பள்ளியில் உட்கார வேண்டியதில்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பகுதிச் சேர்க்கை என்று ஒரு முறை உண்டு. முழுப் பிளஸ் டூவையும் எழுதாமல், ஒரே ஒரு பாடத்தை மட்டும் எடுத்துத் தேர்வெழுதி, அதற்கு மதிப்பெண் பட்டியல் பெறலாம். பொதுத் தேர்வுகள் ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் என ஆண்டுக்கு இரு முறை நடக்கின்றன. இந்த மதிப்பெண் பட்டியலை உங்கள் பழைய பிளஸ் டூ சான்றிதழோடு சேர்த்து ஏற்றுக்கொள்வார்களா என்பதைச் சேரப்போகும் பல்கலைக்கழகத்திடம் முதலிலேயே எழுத்தாகக் கேட்டுவிடுங்கள். சில இடங்களில் ஒரே அமர்வில் எழுதிய பாடங்களைத்தான் கணக்கில் கொள்வார்கள்.

என் கருத்தைக் கேட்டால், கணிதத்தைச் சேர்க்கைக்கே கட்டாயமாக்காத, அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகம் ஒன்று கிடைக்கும்போது, ஒரு சான்றிதழுக்காக ஓராண்டைச் செலவிடுவதைவிட, அந்த நேரத்தைப் பட்டத்துக்குள் வரப்போகும் தாள்களுக்குத் தயாராவதில் செலவிடுவதே மேல்.

நான்காம் படி: இப்போது எந்த இடத்தில் நிற்கிறீர்கள்?

இதுதான் முக்கியமான படி; நிதானமாகச் செய்ய வேண்டியதும் இதுதான். தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் பத்தாம் வகுப்புக் கணித நூலையும், பதினொன்றாம் வகுப்பு வணிகக் கணிதமும் புள்ளியியலும் என்ற நூலையும் இணையத்திலிருந்து கட்டணமில்லாமல் தரவிறக்கிக்கொள்ளுங்கள். தமிழ்வழி நூலையும் ஆங்கிலவழி நூலையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் கணக்குகள் ஒன்றே என்பதால் பக்கத்தில் பக்கம் வைத்துப் படிக்கலாம்.

பத்தாம் வகுப்பு நூலில் எல்லாப் பாடமும் தேவையில்லை. வடிவியல் தேற்றங்களையும், முக்கோணவியலையும், அளவியலையும் துணிந்து தள்ளிவையுங்கள். எண்களும் தொடர்வரிசைகளும், இயற்கணிதம், ஆயத்தொலை வடிவியலில் நேர்க்கோட்டுப் பகுதி, புள்ளியியலும் நிகழ்தகவும் ஆகியவற்றின் பயிற்சிக் கணக்குகளில் ஒவ்வொன்றிலும் பத்தைத் தேர்ந்தெடுத்து, விடையைப் பார்க்காமல் போட்டுப் பாருங்கள். பாதிக்கு மேல் சரியாக வந்தால் நேரே பதினொன்றாம் வகுப்பு நூலுக்குப் போகலாம். வராவிட்டால் ஐந்து வாரத்தை இந்த நான்கு பாடங்களுக்கே ஒதுக்குங்கள். அதற்குக் கூச்சப்பட வேண்டாம். பள்ளியை விட்டு இருபது ஆண்டுகள் கழித்து வருகிறவருக்கு இந்த ஐந்து வாரம்தான் மொத்தப் பட்டத்தையும் தாங்குகிறது.

பதினொன்றாம் வகுப்பு நூல் இரண்டு தொகுதிகளாக இருக்கிறது. எல்லோரும் முதல் தொகுதியின் முதல் பாடமான அணிகளும் அணிக்கோவைகளும் என்பதில் தொடங்கி, முக்கோணவியலில் மூச்சுத் திணறி, நூலை மூடிவிடுகிறார்கள். நான் இரண்டாம் தொகுதியிலிருந்து தொடங்கச் சொல்கிறேன். நிதியியல் கணிதம், விவரப் புள்ளியியலும் நிகழ்தகவும், ஒட்டுறவும் தொடர்புப் போக்கும் ஆகிய மூன்று பாடங்களும் அங்கேதான் இருக்கின்றன, பி.பி.ஏ. முதலாண்டில் கேட்கப்படுவதில் பெரும்பகுதி இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். இவற்றை முடித்த பிறகு முதல் தொகுதிக்குத் திரும்பி அணிகளையும் வகை நுண்கணிதத்தையும் படித்தால், அவை எதற்காக என்ற கேள்வியோடு படிப்பீர்கள். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் ஏழு வாரம் போதும்.

நமக்குத் தெரிந்த கணக்கிலிருந்து தொடங்குவது

செட்டிநாட்டில் வளர்ந்தவர்களுக்கு நிதியியல் கணிதம் அந்நியமானது அல்ல. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிற்கப் போன நகரத்தார், பெட்டியடிப் பையனாக, அதாவது கடையில் வேலை பழகச் சேர்ந்த சிறுவர்களுக்கு முதலில் பழக்கியது வட்டிக் கணக்கைத்தான். அவர்கள் ஐந்தொகை என்று சொன்னதையே இன்றைய பாடநூல் இருப்புநிலைக் குறிப்பு என்கிறது. பழைய வீடுகளின் முகப்பில் கணக்குப்பிள்ளை அமர்ந்து எழுதிய சாய்வு மேசை இன்னும் சில இடங்களில் இருக்கிறது. பெரியவர்கள் அரைக்கால், மாகாணி என்று சொல்வது முறையே எட்டில் ஒன்றும் பதினாறில் ஒன்றும். அரைக்கால் என்பது 12.5 விழுக்காடு என்று சட்டென்று சொல்லத் தெரிந்த பாட்டிமார்களை நான் பார்த்திருக்கிறேன். மாணவர்களுக்குக் குறைவாக இருப்பது கணக்கறிவு அல்ல. வாயால் போடுகிற கணக்கை வாய்பாடாக எழுதும் பழக்கம்தான்.

வட்டியையே எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் "இரண்டு வட்டி" என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய் என்று குழந்தைக்கும் தெரியும். 1 லட்சம் ரூபாய்க்கு மாதம் 2,000, ஆண்டுக்கு 24,000. இது தனிவட்டி. வட்டியை வாங்காமல் மாதாமாதம் அசலோடு சேர்த்துக்கொண்டே போனால், ஒவ்வொரு மாதமும் தொகை 1.02 மடங்காகிறது, பன்னிரண்டு மாதத்துக்கு 1.02 என்ற எண்ணைத் தன்னாலேயே பன்னிரண்டு முறை பெருக்க, 1.2682 வருகிறது. ஆகவே ஆண்டு முடிவில் 1,26,824 ரூபாய். தனிவட்டிக்கும் கூட்டுவட்டிக்கும் உள்ள இந்த 2,824 ரூபாய் வித்தியாசத்தை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தவருக்கு, பத்தாம் வகுப்பில் பெருக்குத் தொடர்வரிசை எதற்காகக் கற்பிக்கப்பட்டது என்பது புரிந்துவிடும்.

அடுத்தது தவணை. 1 லட்சம் ரூபாய்க் கடனை மாதம் 1 விழுக்காடு வட்டியில் பன்னிரண்டு தவணையில் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். கடைசி மாதம் வரை முழு அசலுக்கும் வட்டி போட்டால், 1,12,000 ரூபாயைப் பன்னிரண்டால் வகுத்து மாதம் 9,333 ரூபாய் கட்ட வேண்டும். அசல் குறையக் குறைய வட்டியும் குறையும் முறையில் மாதத் தவணை 8,885 ரூபாய்தான். மொத்தத்தில் ஏறத்தாழ 5,400 ரூபாய் வித்தியாசம். இரண்டு இடத்திலும் விளம்பரப் பலகையில் "12 விழுக்காடு" என்றே எழுதியிருக்கும். இரண்டாவது விடையை எக்செல்லில் பி.எம்.டி. என்ற சார்பு ஒரு நொடியில் தந்துவிடும். ஆனால் தேர்வுக்கு முன் ஒருமுறையாவது பன்னிரண்டு வரிசை அட்டவணையாகக் கையால் எழுதி, ஒவ்வொரு மாதமும் மீதி அசல் எவ்வளவு என்று இறக்கிப் பாருங்கள். அப்படி எழுதியவர்கள் சமத் தவணைகளுக்கான அன்யூட்டி வாய்பாட்டை மறப்பதில்லை.

இயற்கணிதத்துக்கு, முதலில் சொன்ன கானாடுகாத்தான் பெண்மணிக்காக நான் போட்ட கணக்கையே தருகிறேன். எண்களை மட்டும் எளிதாக்கியிருக்கிறேன். தேன்குழலும் மணகோலமும் சீப்புச் சீடையும் கிலோ 400 ரூபாய்க்கு விற்கிறார். அரிசி, உளுந்து, எண்ணெய், விறகு, கூலி எல்லாம் சேர்ந்து கிலோவுக்கு 280 ரூபாய் ஆகிறது. விற்றாலும் விற்காவிட்டாலும் மாதம் 18,000 ரூபாய் வாடகையும் சம்பளமும் கொடுக்க வேண்டும். கிலோவுக்கு 120 ரூபாய் நிற்கிறது. 18,000 ரூபாயை 120ஆல் வகுத்தால் 150. மாதம் 150 கிலோ விற்றால் நட்டமும் இல்லை, லாபமும் இல்லை. இதுதான் சமநிலைப் புள்ளி. விற்ற கிலோவைக் கிடைமட்ட அச்சிலும் லாபத்தைச் செங்குத்து அச்சிலும் குறித்தால் ஒரு நேர்க்கோடு வரும். அதன் சாய்வு 120. நேர்க்கோட்டுச் சமன்பாட்டில் சாய்வு என்று மனப்பாடம் செய்த சொல்லுக்கு இங்கே "கூடுதலாக ஒரு கிலோ விற்றால் கையில் நிற்பது" என்று பொருள் வந்துவிடுகிறது. இதே கணக்கில் இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்ளலாம். 120 ரூபாய் என்பது அடக்கவிலையான 280இல் ஏறத்தாழ 43 விழுக்காடு. விற்பனை விலையான 400இல் 30 விழுக்காடு. லாப விழுக்காடு எதன் மேல் கணக்கிடப்படுகிறது என்று வினாவில் தேடிப் பார்க்காமல் விடை எழுதுகிறவர்கள் இங்கேதான் மதிப்பெண்ணை இழக்கிறார்கள்.

வகை நுண்கணிதம் என்றாலே அஞ்சுகிறவர்களுக்கு இதே பலகாரக் கணக்கை ஒரு படி மேலே கொண்டுபோகிறேன். விலையை ஒரு ரூபாய் ஏற்றினால் மாதத்துக்கு ஒரு கிலோ விற்பனை குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். 400 ரூபாயில் 150 கிலோ என்றால், விற்பனை என்பது 550இலிருந்து விலையைக் கழித்தது. விலையை "வி" என்று எழுதினால், நிற்கிற தொகை (வி − 280) × (550 − வி). விரித்தால் 830வி − வி² − 1,54,000. இதை வகையிட்டால் 830 − 2வி; அதைச் சுழியத்துக்குச் சமமாக்கினால் வி = 415. அந்த விலையில் 135 கிலோ விற்கும். கிலோவுக்கு 135 ரூபாய் வீதம் 18,225 ரூபாய் நிற்கும். 400 ரூபாயில் ஒன்றும் மிஞ்சாத இடத்தில் 415 ரூபாயில் 225 ரூபாய் மிஞ்சுகிறது, அதுவும் 15 கிலோ குறைவாகச் சுட்டு. பி.பி.ஏ. பாடத்தில் கேட்கப்படும் வகையீட்டுக் கணக்குகளில் பெரும்பாலானவை இதே வகைதான்: எந்த விலையில், எந்த அளவில் லாபம் உச்சம். சைன், கோசைன் பக்கமே அவை போவதில்லை.

புள்ளியியலில் வாய்பாட்டைவிட எந்த அளவை எப்போது பயன்படுத்துவது என்ற தெளிவுதான் முக்கியம். ஒரு வாரத்தில் ஆறு நாட்கள் 8, 9, 7, 8, 10, 9 கிலோ விற்று, ஏழாம் நாள் ஒரு கல்யாண வீட்டுக்கு 54 கிலோ போனது என்றால், கூட்டுச் சராசரி 15 கிலோ. இடைநிலை அளவு 9 கிலோ. நாளைக்கு எவ்வளவு மாவு அரைப்பது என்று முடிவு செய்ய 15ஐ நம்பினால் மிச்சம் கெட்டுப்போகும். திட்ட விலக்கம் என்பது, இப்படி எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதைச் சொல்கிற அளவு. உங்கள் வீட்டிலோ கடையிலோ ஒரு மாத விற்பனைக் கணக்கை எடுத்து இந்த மூன்றையும் கண்டுபிடியுங்கள். அணிகளும் அப்படியே: அரிசி, உளுந்து, நெய் எத்தனை கிலோ என்பது ஒரு நிரை, அவற்றின் விலை ஒரு நிரல், இரண்டையும் பெருக்கினால் மளிகை பில்.

ஐந்தாம் படி: சொற்களை இரண்டு மொழியிலும் பழகுங்கள்

தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலவழிப் பட்டத்தில் சேர்கிறவர்கள் கணக்கில் அல்ல, வினாவில்தான் தடுமாறுகிறார்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் இரண்டு பத்தி போட்டு, கூட்டுச் சராசரிக்கு எதிரே மீன், இடைநிலை அளவுக்கு மீடியன், முகட்டுக்கு மோட், திட்ட விலக்கத்துக்கு ஸ்டாண்டர்டு டீவியேஷன், ஒட்டுறவுக்கு கோரிலேஷன், வகையீட்டுக்கு டிஃபரன்ஷியேஷன், அணிக்கு மேட்ரிக்ஸ் என்று ஆங்கில எழுத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். இருநூறு சொல்லுக்கு மேல் தேவைப்படாது. இதோடு வினாவில் வரும் "கண்டுபிடி", "நிறுவு", "விளக்கம் தருக" போன்ற ஏவல் சொற்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புள்ளியியல் தாளில் விடையைக் கண்டுபிடித்து நிறுத்திவிட்டு, அதன் பொருளை ஒரு வரியில் எழுதாமல் விடுவதால் குறைகிற மதிப்பெண் கொஞ்சமல்ல.

ஆறாம் படி: வெளியில் படித்துத் தாளை ஈடுசெய்யும் வழிகள்

இந்திய அரசின் ஸ்வயம் தளத்தில் வணிகக் கணிதமும் புள்ளியியலும் கட்டணமின்றிப் படிக்கக் கிடைக்கின்றன; தேர்வுக்கு மட்டும் கட்டணம் உண்டு. மானியக் குழுவின் 2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, ஒரு பருவத்தில் ஒரு படிப்புக்குரிய பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் வழியாக முடித்து மதிப்பீட்டுப் புள்ளிகளை மாற்றிக்கொள்ளப் பல்கலைக்கழகங்கள் அனுமதிக்கலாம். ஆனால் எந்தப் பாடத்தை எந்தத் தாளுக்கு ஈடாக ஏற்பார்கள் என்பதைப் பதிவு செய்வதற்கு முன்பே உங்கள் பல்கலைக்கழகம் உறுதிசெய்ய வேண்டும். படித்து முடித்துவிட்டுக் கேட்டால் பயனில்லை. ஈடு கிடைக்காவிட்டாலும், சேர்வதற்கு முந்தைய மாதங்களில் பயிற்சியாகப் படிக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

வெளிநாட்டில் இருக்கிற உறவினர்கள் சொல்லி அமெரிக்க இணையவழிப் பட்டத்தில் சேர விரும்புகிறவர்களும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அங்கே வணிகப் பட்டத்துக்குப் பெரும்பாலும் காலேஜ் ஆல்ஜிப்ரா என்கிற இயற்கணிதத் தாள், புள்ளியியல், சில இடங்களில் வணிக நுண்கணிதம் என்று கேட்பார்கள். சேர்ந்தவுடன் அலெக்ஸ் போன்ற தரநிலைத் தேர்வு வைப்பார்கள். அதில் அதிகபட்சம் 30 வினாக்கள், உங்கள் விடைக்கேற்ப அடுத்த வினா மாறும், மதிப்பெண் 0 முதல் 100 வரை. குறைந்த மதிப்பெண் பெற்றால் பட்டத்தில் சேராத அடிப்படைத் தாள்களுக்கும் டாலரில் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். ஆகவே தயாரில்லாமல் அதில் அமரக் கூடாது. காலேஜ் போர்டு நடத்தும் கிளெப் தேர்வில் காலேஜ் ஆல்ஜிப்ராவை 90 நிமிடத்தில் எழுதித் தாளையே முடித்துக்கொள்ளலாம். மதிப்பெண் 20 முதல் 80 வரை. பல பல்கலைக்கழகங்கள் 50ஐ ஏற்கின்றன. தேர்வு மையம் எங்கே என்று பார்த்துவிட்டுத் திட்டமிடுங்கள். அந்தப் பட்டம் இந்தியப் பட்டத்துக்கு இணையானது என்று இங்கே ஏற்கப்படுமா என்பது தனிக் கேள்வி. பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்.

ஏழாம் படி: பருவத்துக்குள்ளும் தேர்விலும்

இந்திய இணையவழிப் படிப்புகளில் பொதுவாக உள்மதிப்பீட்டுக்கு 30 விழுக்காடும் பருவ இறுதித் தேர்வுக்கு 70 விழுக்காடும் ஒதுக்கப்படுகின்றன. அந்த 30ஐ யாரும் முழுமையாக விட்டுவிடக் கூடாது. கணிதத் தாளில் ஒப்படைப்புகளை நேரத்தில் அனுப்புகிறவர்கள் பாதிப் பாடத்தை அதிலேயே படித்துவிடுகிறார்கள். ஒப்படைப்பைப் பணம் வாங்கிக்கொண்டு எழுதித் தருகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் போகாதீர்கள். இறுதித் தேர்வு கண்காணிப்போடு நடக்கும், அங்கே உங்களோடு அவர்கள் வரப்போவதில்லை.

தேர்வை வீட்டிலிருந்து எழுத அனுமதி இருந்தால், இடத்தை ஒரு வாரம் முன்பே சோதித்துவிடுங்கள். நம் பழைய வீடுகளின் சுவர்கள் மிகவும் தடிப்பானவை. வளவு என்கிற முற்றப் பகுதியைத் தாண்டி இரண்டாங்கட்டுக்குள் போனால் கைபேசிச் சமிக்ஞை விட்டுவிட்டு வரும். முகப்பில் உட்கார்ந்தால் சமிக்ஞை கிடைக்கும், ஆனால் வருகிறவர் போகிறவர் கேமராவில் தெரிந்தால் தேர்வு ரத்தாகலாம். முகப்பை ஒட்டிய ஓர் அறையைக் கதவடைத்துப் பயன்படுத்துவதும், மின்தடைக்கு மாற்று ஏற்பாடு வைத்துக்கொள்வதும், இரண்டாவது இணைய இணைப்பாக வேறொரு நிறுவனத்தின் சிம் அட்டையைத் தயாராக வைத்திருப்பதும் அவசியம். கணிப்பான் அனுமதி உண்டா, எந்த வகை என்பதையும் நுழைவுச் சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணிதத் தாள் இருக்கும் பருவத்தில் விருப்பப் பாடங்களைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால், எழுத்து மிகுந்த எளிய பாடங்களை அதனோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அடக்கவிலைக் கணக்கியலையும் புள்ளியியலையும் ஒரே பருவத்தில் எடுக்காதீர்கள். தவறிவிட்டால் மறுதேர்வுக் கட்டணம் கட்டும் கடைசி நாளை அன்றைக்கே குறித்துவைத்து, விடைத்தாள் நகல் கேட்டுப் பெற வாய்ப்பிருந்தால் கேட்டு வாங்கி, எந்தப் பாடத்தில் எத்தனை மதிப்பெண் போயிற்று என்று எண்ணிப் பாருங்கள். புள்ளியியலில் மூன்று முறை தவறியதாக நான் சொன்ன இளைஞர் நான்காம் முறைக்கு முன் அதைத்தான் செய்தார். இழந்த மதிப்பெண்ணில் பெரும்பகுதி நிகழ்தகவிலும் விளக்க வரி எழுதாமல் விட்டதிலும் போயிருந்தது. அந்த இரண்டை மட்டும் ஆறு வாரம் படித்துத் தேர்ச்சி பெற்றார்.